ஒன்பதாம் எண் வீட்டுப் பூக்கள் மட்டும் ஏன் சாகவில்லை

எண் 1, மால்ட்ஹவுஸ் தெரு,
தோர்ப்வெல், சஃபோக்.
2012 ஜூலை 12, வியாழக்கிழமை

அன்பும் மரியாதையும் மிகுந்த ஹெஸ்டர் அக்காவுக்கு,

உன் தம்பி ஹொரேஸ் எழுதுவது. உன் முழங்கால் தேவலையா, பூனை ஒழுங்காகச் சாப்பிடுகிறதா, அத்தான் வாங்கிய காது மெஷின் வேலை செய்கிறதா, செய்தாலும் அவர் அதைப் போட்டுக்கொள்கிறாரா என்றெல்லாம் முதலில் கேட்பதுதான் முறை. கேட்டுவிட்டேன். பதிலைச் சாவகாசமாக எழுது.

என் நலத்தை மட்டும் விசாரிக்காதே. நேற்று மாலை ஏழு மணிக்கு, தேவாலயக் கூடத்தில், பதினொரு பேர் பார்த்துக்கொண்டிருக்க, மால்ட்ஹவுஸ் தெருப் பூக்குழுவின் தலைவர் பதவியை என்னிடமிருந்து பறித்துவிட்டார்கள். பறிக்கிறோம் என்று யாரும் சொல்லவில்லை. "கொஞ்ச நாள் ஓய்வெடுத்துக்கோங்களேன், ஹொரேஸ்" என்றார்கள். நம் ஆட்கள் ஒருவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும்போது இப்படித்தான் பேசுவார்கள் என்று உனக்குத் தெரியும். முப்பத்து நான்கு வருடம் தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன் நான். எனக்கு இருக்கிற ஓய்வு போதாதா? இன்னும் எவ்வளவு எடுக்க வேண்டும்?

பதினொரு வருடமாக நான்தான் தலைவர். அதில் கடைசி ஐந்து வருடமும் இந்த மாவட்டத்தின் அழகான தெரு என்று வெள்ளிக் கோப்பை வாங்கியிருக்கிறோம். சும்மா வரவில்லை அந்தக் கோப்பை. பதினைந்து வீடு, பதினைந்து வாசல் தோட்டம், எல்லாவற்றிலும் ஒரே செடி, ஒரே நாளில் நடவு, செடிக்குச் செடி ஒன்பது அங்குலம். ஆளாளுக்கு இஷ்டப்படி நட்டால் தெருவா அது, சந்தை. நான் ஒன்பது அங்குலத்துக்கு வெட்டிய குச்சியோடு மே மாதம் முழுக்க மண்டியிட்டே தெருவைச் சுற்றியிருக்கிறேன். உன் முழங்கால் வலியை நீ அத்தானிடம் சொல்கிறாய். நான் யாரிடம் சொல்வது?

இந்த வருடம் மகாராணியின் அறுபதாண்டு விழா என்பதால், சிவப்பும் வெள்ளையுமாகக் காசித்தும்பை, ஓரத்தில் நீல லொபீலியா என்று முடிவு செய்தோம். நிழலிலும் பூக்கும், குழந்தைகூட வளர்க்கலாம், பனி விழுகிற வரை பூப்பது நிற்காது என்றுதான் எல்லாரும் காசித்தும்பையைச் சொல்வார்கள். ஏப்ரலில் தண்ணீர்ப் பஞ்சம், ரப்பர் குழாயைத் தொடக்கூடாது என்று தடை போட்டார்கள். தடை போட்ட மறுநாள் மழை பிடித்தது. அன்று பிடித்த மழை இந்தக் கடிதத்தை எழுதும் வரைக்கும் ஒரு வாரம் சேர்ந்தாற்போல் விட்டதில்லை. விழாவன்று தெருவில் மேசை போட்டு வைத்த சாண்ட்விச்செல்லாம் மிதந்தது. அதைப்பற்றியும் நான் யாரிடமும் புகார் சொல்லவில்லை. செடிகள் அன்றைக்கு எப்படி இருந்தன தெரியுமா? மேசை நனைந்தது, பாண்டு வாத்தியம் நனைந்தது, பாதிரியார் நனைந்தார், என் காசித்தும்பை மட்டும் சிரித்துக்கொண்டு நின்றது.

ஜூன் பதினான்காம் தேதி காலையில் என் பாத்தியில் நான்கு செடி வெளிறி, இலை கீழ்நோக்கிச் சுருண்டு நிற்பதைப் பார்த்தேன். பசி என்று நினைத்து உரம் போட்டேன். சாயங்காலம் பன்னிரண்டு செடி ஆயிற்று. அடுத்த வீட்டு லென் காரட், உனக்குத் தெரியும், என் கல்யாணத்தில் மோதிரத்தைத் தொலைத்தவன், அவன் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து, தண்ணி அதிகமாச்சு என்றான். வானத்திலிருந்து வருகிற தண்ணீருக்கு நான் என்ன செய்ய முடியும் என்று கேட்டேன். பிறகு ஓர் இலையைத் திருப்பிப் பார்த்தேன். அக்கா, அடிப்பக்கம் முழுக்க ரொட்டி மாவைச் சலித்துக் கொட்டினாற்போல் வெள்ளை. மேல்பக்கம் ஒன்றுமே தெரியாது. இதுதான் இந்த நோயின் அயோக்கியத்தனம். ரோஜாவுக்கு வருகிற சாம்பல் நோய் கௌரவமானது, மேலேயே வந்து முகத்தைக் காட்டும். இது அடிச்சாம்பல். கீழே ஒளிந்துகொண்டு வளர்ந்து, பூவை உதிர்த்து, இலையை உதிர்த்து, கடைசியில் வெறும் தண்டுகளை நிறுத்திவிட்டுப் போய்விடும். நூலகத்தில் புத்தகம் எடுத்துப் படித்தேன். மருந்து கிடையாது, பிடுங்கிப் பையில் கட்டி எறி, எருக்குழியில் போடாதே, அந்த மண்ணில் அடுத்த வருடமும் காசித்தும்பை வைக்காதே என்று போட்டிருந்தது. செய்தேன். பன்னிரண்டு செடியையும் என் கையாலேயே பிடுங்கிக் கட்டிப் போட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்த மாதிரி இருந்தது என்று எழுதினால் நீ சிரிப்பாய். சிரி.

இப்போது நீ சொல், ஒரு பொறுப்புள்ள தலைவன் அடுத்தபடி என்ன செய்வான்? வாயை மூடிக்கொண்டு வீட்டில் உட்காருவானா? தெருவையே எச்சரிக்க வேண்டாமா? இலையின் அடியைத் திருப்பிப் பார் என்று வாயால் சொன்னால் யாருக்குப் புரியும்? ஆகவே, பையைக் கட்டுவதற்கு முன்னால், நோய் நன்றாகப் பிடித்த இலையாகப் பார்த்து முப்பது இலையைப் பொறுக்கி, வாடாமல் இருக்க ஈரத் துணியில் சுற்றி, ஒரு பிஸ்கட் டப்பாவில் வைத்தேன். அந்த டப்பாவோடு வீடு வீடாகப் போனேன். இதைத்தான், அக்கா, இந்த நல்லெண்ணத்தைத்தான் நேற்று என் மூஞ்சியில் எறிந்தார்கள்.

ஒரே நாளில் எல்லா வீட்டுக்கும் போக முடியவில்லை. போகிற வீட்டிலெல்லாம் டீ. வேண்டாம் என்றால் கோபித்துக்கொள்வார்கள், வேண்டும் என்றால் கேக் வரும், கேக்கைச் சாப்பிட்டால் இன்னொரு டீ. எழுபத்திரண்டு வயதில் என் மூத்திரப்பை ஒரு மாலைக்கு இரண்டு வீட்டுக்கு மேல் தாங்காது. அதனால் தினம் இரண்டு வீடு என்று ஒரு வாரம் ஆயிற்று. ஒவ்வொரு வீட்டிலும் டப்பாவைத் திறந்து, இலையை எடுத்துத் திருப்பிக் காட்டி, அவர்களையும் தொட்டுப் பார்க்கச் சொல்லி, பிறகு வாசலுக்குக் கூட்டிப் போய் அவர்கள் செடியின் இலைகளையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுக் காட்டினேன். அப்போது எல்லார் வீட்டிலும் சுத்தமாக இருந்தது, ஒரு பொட்டு மாவு கிடையாது. அத்தோடு விட்டேனா? நான் போன பிறகு மறந்துவிடக்கூடாதே என்று, ஒரு பிளந்த குச்சியில் மாதிரி இலை ஒன்றைச் செருகி, ஒவ்வொரு பாத்தியின் நடுவிலும் நட்டு வைத்துவிட்டு வந்தேன். எந்தத் தெருவில் எந்தத் தலைவன் இவ்வளவு செய்வான்?

ஒரு வீட்டுக்கு மட்டும் போகவில்லை. ஒன்பதாம் எண். அங்கே இருப்பது மாடி ஸ்பர்லிங் என்கிற அம்மாள், கணவரை இழந்தவர், பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவர். ஆள் பரவாயில்லை. நாய்தான் பிரச்சினை. இப்போது இருக்கிற நாய்க்கு முந்தின நாய் என் இடது கெண்டைக்காலில் பல் வைத்தது. அதற்கும் முந்தினது பையையே கிழித்தது. வேலையில் இருந்தவரைக்கும், இருபது வருடம், அந்த வீட்டுத் தபாலை வெளிக்கதவிலேயே ஒரு தகரப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போவேன். இந்தத் தடவையும் அப்படியே செய்தேன். இலை கிடையாது, டீ கிடையாது, 'இலைகளின் அடிப்பக்கத்தைக் கவனிக்கவும், இப்படிக்குத் தலைவர்' என்று ஒரு துண்டுச் சீட்டு. அவ்வளவுதான்.

ஜூன் இருபத்தைந்தில் இரண்டாம் எண்ணிலும் நான்காம் எண்ணிலும் மாவு. மறுநாள் ஆறும் எட்டும். அதற்கு மறுநாள் பத்தும் பன்னிரண்டும். ஜூலை முதல் வாரம் முடியும்போது தெருவின் இரண்டு பக்கமும் வெறும் தண்டு. உதிர்ந்த பூ எல்லாம் மழையில் கரைந்து நடைபாதையில் ஜாம் தடவினாற்போல் கிடந்தது. லென் வீட்டில் கடைசியாக வந்தது. நேற்று வரை நன்றாக இருந்ததே என்று அவன் என்னிடமே வந்து கேட்டான், நான் அவன் தோளைத் தட்டி ஆறுதல் சொன்னேன். இன்று நினைத்தால் அந்தத் தட்டலைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாம் போல் இருக்கிறது.

இத்தனைக்கும் நடுவே ஒன்பதாம் எண் வாசலில் மட்டும் காசித்தும்பை முழங்கால் உயரத்துக்குப் பூத்துக் குலுங்குகிறது. ஒரு இலை வெளிறவில்லை. பக்கத்தில் பதினொன்றாம் எண் காலி, இந்தப் பக்கம் ஏழாம் எண் காலி, நடுவில் அவர் மட்டும் கல்யாண வீடு மாதிரி. நீ சொல் அக்கா, சந்தேகம் வருமா வராதா? எனக்கு வந்தது. ஏதோ மருந்து தெரிந்து வைத்துக்கொண்டு நமக்குச் சொல்லாமல் மறைக்கிறார், அல்லது வெளியூரிலிருந்து நோய் தாங்கிய ஏதோ புதுச் செடியைக் கொண்டுவந்து நட்டு ஊருக்கே பரப்பிவிட்டார் என்று முடிவு செய்தேன். வருகிற செவ்வாய்க்கிழமை நடுவர்கள் வருகிறார்கள். எதற்கும் ஆதாரம் வேண்டுமே. தெருவின் படத்தைப் பெரிய தாளில் வரைந்து, எந்த வீட்டில் என்றைக்கு மாவு தெரிந்தது என்று சிவப்புப் பென்சிலால் தேதி போட்டு, தேதி வரிசையில் ஒரு அம்புக்குறியும் போட்டேன். நன்றாக வந்திருந்தது படம். தபால்காரன் கை, நம்பர் எல்லாம் முத்து முத்தாக.

நேற்றைய கூட்டத்தில் அந்தப் படத்தைச் சுவரில் ஒட்டி இருபது நிமிடம் பேசினேன். பெயர் சொல்லவில்லை, மரியாதை தெரிந்தவன் நான். 'நம்மில் ஒருவர் வீடு மட்டும் தப்பித்த மர்மம்' என்று மட்டும் சொல்லி, எல்லார் தலையும் ஒன்பதாம் எண் பக்கம் திரும்புகிற வரைக்கும் காத்திருந்தேன். மாடி ஸ்பர்லிங் கோபப்படவில்லை. கைப்பையிலிருந்து மூக்குக்கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, எழுந்து வந்து, படத்துக்குப் பக்கத்தில் நின்று, பரீட்சைத் தாள் திருத்துகிறவர் மாதிரி அம்புக்குறி மேல் விரலை ஓட்டினார்.

"ஹொரேஸ், இந்த வழிய நான் இருபது வருஷமா ஜன்னல் வழியா பாத்திருக்கேன். ரெண்டு, நாலு, ஆறுன்னு அந்தப் பக்கமா மேல போறது. பதினஞ்சுல திரும்பறது. பதிமூணு, பதினொண்ணு, அப்புறம் என் வீட்ட விட்டுட்டு ஏழு. இது காத்து வந்த வழி இல்ல. நீங்க தபால் போட்ட வழி."

உடனே பன்னிரண்டாம் எண்காரர், எந்தத் தேதியில் நான் அவர் வீட்டுக்கு டப்பாவோடு வந்தேன் என்று விரல் விட்டு எண்ணினார். எட்டாம் எண்காரம்மா அவர்கள் வீட்டுத் தேதியைச் சொன்னார். ஒவ்வொருவராகச் சொல்லச் சொல்ல, அந்தப் பொல்லாத கணக்கு டீச்சர் என் பென்சிலாலேயே என் படத்தில் என் தேதிகளுக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தார். எல்லா வீட்டிலும் நான் போனதற்கும் மாவு தெரிந்ததற்கும் வித்தியாசம் பத்தே நாள். கடைசியில் லென், என் லென், நாற்பது வருட சிநேகிதன், வாயைத் திறந்தான்.

"டேய், நீ எங்க பாத்தியில நட்டுட்டுப் போன குச்சி இன்னும் நிக்குதுடா. அதச் சுத்தி வட்டமாத்தான் முதல்ல செத்துச்சு. சொன்னா மனசு கஷ்டப்படுவேன்னு சொல்லாம இருந்தேன்."

அவன் கிண்டலாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பரிதாபமாகச் சொன்னான்.

நான் சும்மா விடவில்லை. எழுந்து நின்று கேட்டேன்: முப்பத்து நான்கு வருடம் உங்கள் வீடுகளுக்குக் கரண்ட் பில் கொண்டுவந்தேன், சாவுச் செய்தி கொண்டுவந்தேன், உங்கள் பிள்ளைகள் ஃபெயிலான தாளைக் கொண்டுவந்தேன், அதையெல்லாம் நானா எழுதினேன், கொண்டுவந்து கொடுத்தவன் மேல் பழி போடுவது என்ன நியாயம் என்று கேட்டேன். ஆனால் கேட்டு முடித்த பிறகு, நான் என்ன சொன்னேன் என்று எனக்கே ஒரு மாதிரியாகத்தான் இருந்தது. அப்போதுதான் பாதிரியார் அந்த ஓய்வு விஷயத்தை எடுத்தார். எல்லாரும் தலையை ஆட்டினார்கள். லெனும் ஆட்டினான். நான் தொப்பியை எடுத்துக்கொண்டு, பாதி தின்ற கேக்கைத் தட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். கேக்கை விட்டுவிட்டு நான் எழுந்திருப்பதை நீ என் வாழ்நாளில் பார்த்திருக்கிறாயா?

உன்னிடம் சொல்வதற்கென்ன. என் வீட்டுக்காரி பெரில் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம் ஆகிறது. காலையில் கண் விழித்ததும் எதற்கு எழுந்திருக்க வேண்டும் என்று எனக்கு ஒரு காரணம் இந்தத் தெரு. யார் வீட்டுப் பாத்தி காய்ந்திருக்கிறது, யார் செடியில் பழைய பூவைக் கிள்ளவில்லை என்று பார்த்துக்கொண்டே ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தால்தான் காலை உணவு இறங்கும். இன்று காலை வாசல் வரை போய்விட்டுத் திரும்பி வந்துவிட்டேன். ஜன்னல் திரையைக்கூட விலக்கவில்லை. அவர்கள் என் பதவியை எடுத்ததுகூடப் பெரிதில்லை, தெருவில் நடக்கிற என் கால்களையே எடுத்துவிட்டார்கள்.

ஆகவே என் தீர்மானம் இது. ராஜினாமாக் கடிதத்தைத் தனியாக எழுதி உறையில் போட்டு ஒட்டிவிட்டேன். சனிக்கிழமை பதினொரு மணி ரயிலில் விட்பிக்கு வருகிறேன். உன் மாடியறையில் அத்தான் அடுக்கி வைத்திருக்கிற பழைய ரேடியோக்களை அப்புறப்படுத்திக் கட்டிலை ஜன்னல் பக்கம் இழுத்துப் போட்டு வை. வந்தால் வாரக் கணக்கில் இல்லை, நிரந்தரமாக. வீட்டை விற்றுவிடப் போகிறேன். இந்தத் தெருவில் இருந்து இனி ஒரு செடியை, ஒரு மண் கட்டியை நான் தொட மாட்டேன். மாடி ஸ்பர்லிங்கோடு பேச மாட்டேன். லெனோடு செத்தாலும் பேச மாட்டேன். நடுவர்கள் செவ்வாய்க்கிழமை வந்து இந்தக் குச்சிக் காட்டைப் பார்த்துக் கோப்பையை வேறு தெருவுக்குக் கொடுக்கட்டும். நான் கடல் காற்றை வாங்கிக்கொண்டு உன்னோடு சீட்டு ஆடிக்கொண்டிருப்பேன். என் மேல் குற்றமில்லை என்பதை மட்டும் நீயாவது நம்பு.

அத்தானுக்கு என் வணக்கம். பூனைக்கு என் தடவல். கடவுள் உன் முழங்காலுக்கு பலத்தையும், எனக்குக் கொஞ்சம் மறதியையும் கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
நியாயம் கிடைக்காத உன் தம்பி,
ஹொரேஸ் தர்லோ
(முன்னாள் தலைவர்)

பின்குறிப்பு: அக்கா, ரேடியோக்களை அப்புறப்படுத்தாதே. நான் வரவில்லை. கடிதத்தை உறையில் போட்டு ஒட்டிக்கொண்டிருந்தபோது மாடி ஸ்பர்லிங் கதவைத் தட்டினார், நாய் இல்லாமல். விடிந்ததிலிருந்து லென் தன் வண்டியில் மூன்று நர்சரிகளைச் சுற்றி முந்நூறு பிகோனியாக் கன்று வாங்கி வந்திருக்கிறானாம். பிகோனியாவை இந்த நோய் தொடாது என்று இவர் நேற்று ராத்திரி புத்தகம் பார்த்துச் சொன்னாராம். "லென் வெச்ச ஒரு வரிசையும் நேரா இல்ல, ஹொரேஸ். உங்க ஒம்பது அங்குலக் குச்சிய எடுத்துட்டு வாங்க. ஆனா அந்த பூட்ஸ வாசல்லயே கழட்டிடுங்க, கைய முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுக் கழுவிட்டு வாங்க." நான் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் கேட்காதது மாதிரி மழையைப் பற்றிப் பேசினார், அதனால் சரியாகிவிட்டது என்று அர்த்தம். ராஜினாமாவை அடுப்பில் போட்டுவிட்டேன். உன் ஜன்னலோரப் பூப்பெட்டிகளிலும் காசித்தும்பைதான் வைத்திருக்கிறாய் என்று போன மாதம் எழுதியிருந்தாய், அதனால் உனக்கும் அடையாளம் தெரியட்டுமே என்று நன்றாக மாவு பிடித்த ஓர் இலையை இந்தக் கடிதத்துக்குள் மடித்து வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். உறையையும் மாற்றிவிட்டேன். இருந்தாலும் கடிதத்தைச் செடிப் பக்கம் கொண்டுபோகாமல் சமையலறையிலேயே வைத்துப் படி.